ஐந்தாம் கம்பெனியின் கட்டை

1865 பிப்ரவரி ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, ட்ரெப்னோ படைமுகாமின் ஐந்தாம் கம்பெனியைச் சேர்ந்த நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் பனியில் காலடித் தடம் விழாமல் போயிற்று. அந்நேரம் அதிகாரிகள் மன்றத்தில், வரைபடப் பலகைமேல் கட்டைகளைப் படைகளாக நகர்த்தி ஆடும் போர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நடுவர் மேஜர் ஃபான் கிரேஷோ பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, பாலத்தருகே நின்ற நீலக் கட்டையை அழிந்ததாகக் கணக்கிட்டு மேசையிலிருந்து எடுத்தார். அது ஐந்தாம் கம்பெனியின் கட்டை. இப்படி முன்பும் நடந்ததுண்டு. ஆட்டம் முடிந்து கட்டைகள் பெட்டிக்குத் திரும்பியதும் தடமும் திரும்பிவிடும். அதுவரை அந்த ஆட்களைத்தான் கழுவிய தரையில் நடக்கிற வேலைகளுக்கு அனுப்புவார்கள்.

அன்றைய ஆட்டம் முடியவில்லை. சிவப்புப் பக்கம் ஆடிய கேப்டனுக்கு மாலையே மாற்றல் உத்தரவு வந்தது. கடைசி உத்தரவை எழுதிய சீட்டை நடுவரிடம் கொடுக்க மறந்து, சட்டைப் பையிலேயே கொண்டுபோய்விட்டார். இருதரப்புச் சீட்டையும் பிரித்துத் தீர்ப்புச் சொல்லாமல் மேசையில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். மேசை அப்படியே நின்றது.

அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் லோரென்ஸ் ஹாபெடாங்க். மலையும் ஆறும் வரைந்த பலகைகளைப் பதினான்கு வருடமாகச் சுமந்து அடுக்கியதில் அவன் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. முப்பது வயதுக்கு மேல் அவன் எழுத்துக் கூட்டக் கற்றதும் அந்த உத்தரவுச் சீட்டுகளைப் பார்த்துத்தான். அவன் தம்பி மத்தேஸ் ஐந்தாம் கம்பெனியில் இருந்தான். மார்ச்சில் மத்தேஸின் மூச்சு குளிரில் புகையவில்லை. ஜூனில் தானியத் தராசில் ஏறி நின்றால் அவனுக்கு எடையே காட்டவில்லை. சலவைக் கூடத்தில் வேலை செய்த லேனாவுக்கும் அவனுக்கும் நிச்சயமாகியிருந்தது. அவள் லோரென்ஸிடம் சொன்னாள்: "கையப் புடிச்சா நனைஞ்ச துணியப் புடிச்ச மாதிரி இருக்கு. சண்டை போடுறப்ப மட்டும் பழைய ஆளுதான். எத்தன நாளைக்கு நான் சண்டையே போட்டுக்கிட்டிருக்கிறது?"

லோரென்ஸ் மேஜரிடம் போனான்.

"மேஜர் ஐயா, அந்தக் கட்டைய எடுத்த எடத்துல வச்சிட்டாப் போதும்."

"பகடை சொன்னத நான் மாத்தினா நாளைக்கு எவன்யா என் தீர்ப்ப மதிப்பான்?"

"அவன் என் தம்பி ஐயா."

"உன் தம்பி பாலத்துக்கிட்ட செத்துட்டான், ஹாபெடாங்க். எனக்கும் வருத்தந்தான். ஆட்டம் முடியட்டும்."

சீட்டைக் கேட்டுக் கேப்டனுக்கு லோரென்ஸ் எட்டுக் கடிதம் எழுதினான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மறுவருடம் ஜூனில் ஒருவழியாகச் சீட்டு வந்தது. பட்டாளம் போஹீமியாவுக்குப் போருக்குக் கிளம்ப அப்போது இரண்டு நாள் இருந்தது. சீட்டை மேஜரிடம் கொடுக்க மன்றத்துப் படியேறியவனை மத்தேஸ் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, இப்பக் குடுக்காத."

"ஒன்றரை வருஷமா இதுக்குத்தானடா நாயா அலைஞ்சேன்."

"ஒரு தடவ செத்தாச்சு. இன்னொரு தடவ எப்படிச் சாவோம்? போய்ட்டு வந்துடுறோம், அப்புறம் குடு."

லோரென்ஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சீட்டு அவன் பூட்ஸுக்குள் போனது.

ஆகஸ்டில் பட்டாளம் திரும்பியது. மூன்றாம் கம்பெனியில் நாற்பத்தொரு பேர் மிஞ்சினார்கள். ஏழாம் கம்பெனிக்குக் கொடி பிடிக்கக்கூட ஆள் இல்லை. ஐந்தாம் கம்பெனியில் நூற்றுப் பதினெட்டுப் பேரும் வந்தார்கள். சட்டையெல்லாம் சல்லடையாக இருந்தது, உடம்பில் கீறல் இல்லை. "சுட்டவனுங்கதான் அழுதானுங்க. நாங்க நடந்துக்கிட்டே இருந்தோம்" என்றான் மத்தேஸ்.

லோரென்ஸ் சீட்டை எடுத்து நீட்டினான். மத்தேஸ் அதை வாங்கவில்லை. "இனிமே போரே வராதுன்னு மேஜர எழுதித் தரச் சொல்லு, குடுத்துடலாம்" என்றான். மேஜரிடம் கேட்டார்கள். அவர் நேர்மையான மனிதர், எழுதித் தரவில்லை. லேனா மூன்று நாள் யோசித்தாள். பிறகு சீட்டை வாங்கிச் சலவைக் கூடத்து அடுப்பில் போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொன்னாள்.

கல்யாணம் அக்டோபரில் நடந்தது. அன்றைக்குக் கடற்காற்று பலமாக இருந்ததால், தேவாலய வாசலில் லேனா மாப்பிள்ளையின் கோட்டுப் பைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு செங்கல் போட்டாள். நல்ல கனமான கல்லாகப் பார்த்து லோரென்ஸ்தான் பொறுக்கியிருந்தான். பாதிரியார் அது முடியும்வரை காத்திருந்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார்.