வீட்டுக்குள் சாக்ஸ்

கத்தரி வெயிலில் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர் பாபு.

"இன்னாய்யா இது கூத்து?"

"தரை ஜில்லுனு கீது."

பென்னலூரில், கத்தரியில், தரை ஜில்லென்று இருக்கிறதாம்! அன்றைக்கு நான் மேலே கேட்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம். முந்தின நாள்தான் என் தம்பி கல்யாணத்தில், பந்திக்குப் பின்னால் நின்று ரெண்டு ஜாங்கிரி தின்றவரைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தேன். "சாவறதா இருந்தா சொல்லிட்டுச் சாவுய்யா" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான்தான் போலீஸ். பையைச் சோதிப்பேன், வாயை ஊதச் சொல்வேன், மெஷினில் இருநூறு காட்டினால் ராத்திரிச் சோறு இறங்கும்வரை திட்டுவேன். எல்லாம் அவர் நல்லதுக்குத்தானே?

வெள்ளிக்கிழமை கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து அசந்து தூங்கினார். பக்கத்தில் போனால் ஒரு நாற்றம். சாக்ஸைக் கழற்றினேன். கட்டைவிரலுக்கு அடியில் சீழ் வைத்த ஓட்டை, சுற்றிலும் கறுப்பு.

விழித்துக்கொண்டார். "ஷூவுக்குள்ள ஒரு நட்டு வுழுந்து கெடந்துச்சு. எட்டு மணி நேரம் அது மேலயே நின்னுகினு இருந்துருக்கேன், சக்கரையில காலு மரத்துப்போயி தெரியவே இல்ல. கழட்டும்போதுதான் ரத்தத்தப் பாத்தேன்."

"எப்போ?"

"திங்கக்கெழம."

"ஏன்யா சொல்லல?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலு போனா ஒரு தபா போவும். உன் வாயி தெனம் கீது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"ஏற்கெனவே என்னை நானே திட்டிக்கினுதான் கீறேன், அம்சா. நீயும் சேந்தா தாங்க முடியல."

ஆட்டோவில் அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் ரெண்டு தரம் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. காலைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்துவிட்டார். "அஞ்சு நாளா என்ன பண்ணீங்க? உடம்பு மேல கொஞ்சமாவது அக்கறை இருக்கா? சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

எல்லாம் என் வசனம்தான். பாபு தலையைக் குனிந்துகொண்டார். தோள் ரெண்டும் உள்ளே ஒடுங்கிப்போயின. ஆறு வருஷமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாரா? நான் திட்டும்போது மெஷினைத்தான் பார்த்திருக்கிறேன், இவரைப் பார்த்ததே இல்லை.

"திட்டாதீங்கம்மா" என்றேன். "பயந்துகினுதான் மறைச்சாரு. எனக்குப் பயந்துகினு."

பாபு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டாக்டரம்மா அப்புறம் குரலை உயர்த்தவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கலாம், ரெண்டு நாள் போகட்டும் என்றார். புண்ணைச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் பாபு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"பயமா கீதாய்யா?" என்று கேட்டேன்.

ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் இதைக் கேட்டதில்லை.