தறித்துணிக் கட்டு

கிருஷ்ணராஜுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. குடியாத்தத்தில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவர். நூல்காரனையும் நம்பமாட்டார், சாயக்காரனையும் நம்பமாட்டார். அப்பேர்ப்பட்டவர் 2004 மழைக்காலத்தில் வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்து, வலது காலில் செயற்கை முட்டி வைத்துக்கொண்டதே பெரிய அதிசயம்.

சில மாதத்திலேயே முட்டி வீங்கிச் சீழ் வடிந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. ஊசியால் நீரெடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது என்றார். முட்டியைக் கழற்றி, மருந்து கலந்த எலும்புச் சிமெண்ட்டை அங்கே வைக்க வேண்டும். மாதக்கணக்கில் மாத்திரை. பூஞ்சை அடியோடு ஒழிந்தால்தான் புது முட்டி.

"கழட்டுறத இன்னா பண்ணுவானுங்க? கழுவி வேற எவனுக்காச்சும் மாட்டிடுவானுங்க," என்று மனைவி பூரணியின் காதைக் கடித்தார்.

அடுத்து சந்தேகம் லில்லிமேல் பாய்ந்தது. அந்த ஆஸ்பத்திரி நர்ஸ், அவர்கள் தெருக்காரி. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்கு, கொட்டும் மழையில் வந்து கட்டு மாற்றிவிட்டவள். அவள் கைதான் சரியில்லை என்று முடிவு கட்டி, டாக்டரிடம் அவளை வைத்துக்கொண்டே சொல்லியும்விட்டார்.

லில்லியின் முகம் செத்துப்போனது. "யாரைக் கேட்டு வீட்ல போய் கட்டு மாத்தினீங்க?" டாக்டரின் குரல் ஏறியது. அவள் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது எல்லோருக்கும் புரிந்தது.

கசிந்த சீழைத் துடைக்கப் பூரணி பையிலிருந்து ஒரு துணியை உருவினாள். தறியிலிருந்து அறுத்த துணி, கஞ்சி மொடமொடப்புப் போகாதது. ஈரப் பையில் கிடந்து வாடை அடித்தது. கிருஷ்ணராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்காலத்தில் தறியில் கஞ்சி போட்ட பாவு நூலில் பூஞ்சை பூத்தால் இதே வாடைதான். வீட்டில் லில்லி தலை மறைந்ததும் அவள் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டு, நம் தறித்துணிதான் சுத்தம் என்று சுற்றிக்கொண்டவர் அவர். மறுபடி அவள் வருமுன் பழையபடி கட்டிவைத்துவிடுவார்.

பூரணி அவரையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும். வெட்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயை மூடிக்கொண்டால் அவர் மானம் தப்பும், அந்தப் பெண்ணின் வேலை தப்பாது.

"டாக்டர், அந்தப் பொண்ணு சுத்தமாத்தான் கட்டுச்சு. நான்தான் அவுத்துட்டு இந்தத் துணிய சுத்திக்கினேன்."

டாக்டர் துணியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உள்ள போக இதைவிட நல்ல வழி பூஞ்சைக்குக் கிடைக்காது. லில்லி, கட்டு மாத்துங்க," என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

லில்லி அவர் கட்டிலருகே வந்தாள். கையுறை மாட்டிச் சுத்தம் செய்து, புதுக் கட்டுப் போட்டு, பிளாஸ்திரி ஒட்டினாள். பிறகு பேனாவை எடுத்து, பிளாஸ்திரியும் கட்டும் சேரும் இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டாள். இனி பிரித்தால் தெரிந்துவிடும்.