பின்பாரம்

சாத்தூர்ப் பக்கத்தில் பட்டணத்தைப் பற்றிப் பேசுகிற அதிகாரம் சிவந்திக்குத்தான் இருந்தது. வெகுநாள் முன்பு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் பட்டணம் வந்து, வீங்கிய கன்னத்தோடு ஒரு விடுதியில் முக்காடு போட்டுப் படுத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, பட்டணத்தில் பத்திரமாக நடமாடுவது எப்படி என்று ஊர் வியாபாரிகளின் மகமைச் சங்கத்தில் மூன்று தடவை பிரசங்கம் செய்துவிட்டார். மூன்றாவது தடவை ஜரிகை மாலையே போட்டார்கள்.

இப்போது மனைவி தங்கபுஷ்பத்தோடு பட்டணம் பார்க்க வந்து, திருவொற்றியூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். இதுவரை அவர்கள் பார்த்த பட்டணம் அந்த வீட்டு வாசற்கதவின் உட்பக்கத் தாழ்ப்பாள்தான்.

தங்கபுஷ்பத்துக்குப் பட்டணம் வேண்டியதில்லை. அவள் அக்காள் சீனியம்மாள் அன்று மத்தியானம் ரங்கோன் கப்பல் ஏறுகிறாள். அங்கே கடை வைத்திருக்கும் புருஷனிடம் போகிறாள். அப்படிப் போனவர்கள் யாரும் அவர்கள் குடும்பத்தில் திரும்பி வந்ததில்லை. துறைமுகத்தில் ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். முதல் சங்கு ஊதினால் ஆட்கள் ஏறலாம். இரண்டாவது சங்கு ஊதிவிட்டால் வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். ஆனால் சிவந்திக்கு எந்த வண்டியும் ஒத்துவரவில்லை. ரிக்‌ஷா ஆகாது, இழுக்கிறவனே ஓடுகிறவன், அவனை எப்படித் துரத்திப் பிடிப்பது? பஸ்ஸில் டிரைவர் முகத்தைக் காட்டமாட்டான். டிராமில் மின்சாரம் காலில் ஏறும். வெயில் உச்சிக்கு ஏறியபோது தங்கபுஷ்பம் அழத் தொடங்கினாள். அப்புறம்தான் மதார் சாகிப் என்கிற குதிரை வண்டிக்காரரின் ஜட்காவில் ஏறச் சம்மதித்தார்.

ஜட்காவில் தங்கபுஷ்பம் நடுவில் உட்கார்ந்தாள். சிவந்தி பின்வாசலை அடைத்துக்கொண்டு, இரும்புப் பெட்டியை மடியில் ஏற்றி, குடையைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டார். திருடன் பின்னாலிருந்துதான் வருவான் என்பது அவருடைய பிரசங்கத்தின் முதல் எச்சரிக்கை.

ராயபுரத்தில் ரயில் பாதைக்கு மேலே போகிற பாலத்து ஏற்றம் வந்ததும் வண்டி பின்னுக்குச் சாய்ந்தது.

"சாமி, முன்னால நவுந்து குந்து. பின்பாரம் தூக்குது. ஏத்தத்துல குதிரைக்குக் கால் பாவாது" என்றார் மதார் சாகிப்.

"கேட்டியா?" என்று மனைவியிடம் குனிந்தார் சிவந்தி. "இதான் இவனுவ தந்திரம். நாம முன்னால நகந்தா, பின்னால வாரவன் பெட்டிய உருவிருவான்."

"பின்னால யாரும் வரலைங்க."

"வருவான்."

"இன்னா பேஜாரா பூட்ச்சு! அந்தப் பொட்டியயாவது இப்டி குடு, எங்கால்கிட்ட வச்சிக்கிறேன்."

பெட்டியைக் கேட்டதும் சிவந்தியின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. குடைக்கம்பியால் சாகிப்பின் முதுகில் குத்தி, "ஓட்டுலே! சர்க்காருக்கு எழுதிப் போட்டுருவேன்!" என்றார்.

குதிரை இன்னும் நாலு அடி ஏறியது. பிறகு அதன் முன்கால்கள் தரையை விட்டுக் கிளம்பின. மதார் சாகிப் கீழே குதித்து, மேலே எழும்பிய வண்டியின் முன்கட்டையைப் பிடித்துத் தொங்கினார்.

பாலத்தோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த சொக்கம்மாள் கூவினாள்: "அய்ய, இங்க வந்து பாருங்கடி! பாயோட குதிர ஆகாசத்துக்குப் போவுது! யோவ் பாயி, அந்தாளை எறக்கிட்டு ரெண்டு மூட்ட உப்ப ஏத்து. அது சொன்ன எடத்துல குந்தும்!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. சிவந்தி குடையை உயர்த்தி, "எல்லாம் கூட்டுக் களவாணிப் பயலுவ!" என்று கத்தினார்.

சிரிப்பு நின்றது. சொக்கம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "இன்னா சொன்ன? எங்க பேட்டைக்கு வந்து எங்களையே களவாணின்றியா? அப்டி இன்னாய்யா கீது உம் பொட்டில, லாட்டு துரை கிரீடமா?"

பெட்டியில் இருந்தது ஒரு வெல்வெட் கோட்டு, இரண்டு துண்டு, அந்த ஜரிகை மாலை. அடுக்கி வைத்தவளே தங்கபுஷ்பம்தான். பூட்டுதான் அதில் விலை உயர்ந்த பொருள்.

எங்கிருந்தோ ஒரு மீன்தலை பறந்து வந்து சிவந்தியின் தலைப்பாகையில் உட்கார்ந்தது. அதே நேரம் துறைமுகத்துப் பக்கமிருந்து முதல் சங்கு ஊதியது.

"முன்னால வாங்க. உங்க கால்ல விழுதேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

"இறங்கு புள்ள. இந்த வண்டியே ஆகாது. போலீஸக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லி, பெட்டியைத் தழுவிக்கொண்டு அவர் இறங்கினார்.

வண்டி சட்டென்று முன்னுக்குத் தாழ்ந்தது. குதிரையின் கால்கள் தரையில் பாவின. கீழே நின்று சிவந்தி கையை நீட்டினார். தங்கபுஷ்பம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து நகர்ந்து வண்டிக்காரர் இடத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"போங்க பாய்."

"ஏ, தங்கம்! ஒத்தப் பொம்பள, பட்டணத்துல..."

ஜட்கா ஏற்றத்தில் ஏறி ஓடியது. பெட்டியைப் போட்டுவிட்டால் சிவந்தி எட்டிப் பிடித்திருக்கலாம். ஆனால் பெட்டியைக் கீழே வைக்கக் கூடாது என்று மூன்று தடவை பிரசங்கம் செய்தவர் அவர். சுற்றிலும் ராயபுரம் நின்று வேடிக்கை பார்த்தது.

இரண்டாவது சங்குக்குக் கொஞ்சம் முன்னால் தங்கபுஷ்பம் போய்ச் சேர்ந்தாள். அக்காளும் தங்கையும் கம்பித் தடுப்புக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருத்தி கன்னத்தை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். சங்கு ஊதியது. சீனியம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறிப் போனாள்.

கப்பல் சிறுத்து மறைந்த பிறகு தங்கபுஷ்பம் ஜட்காவுக்கு வந்து, யாரும் சொல்லாமலே முன்னால் உட்கார்ந்தாள்.

"அதே பாலத்து மேல போலாமா, தங்கச்சி? உங்க வூட்டுக்காரு அங்கதான் நின்னுகினு இருப்பாரு" என்றார் மதார் சாகிப்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற வழி இருக்கா?"

"கீது. ஆனா ரொம்ப சுத்து."

"அதுலயே போங்க."