இன்னொரு பூனை

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து வரும் சட்டைகளில் குறை பிடிப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. அதனால் கணவன் தன் கணினியில் ஒரு பூனையைச் சுவர் விட்டுச் சுவர் தாவவைத்துக் காட்டியபோது, அவளுக்குப் பூனை தெரியவில்லை. அவன் முகம்தான் தெரிந்தது.

"நானே செஞ்ச கேம். ஆறே வாரம்! திங்கக்கிழமை அச்சகத்துல ராஜினாமா லெட்டர் குடுத்துடுவேன். இனிமே இதுதான் தொழில்."

அந்த அச்சக வேலையை நம்பித்தான் வீடு நொண்டியடித்தாவது ஓடிக்கொண்டிருந்தது. அதோடு, ஒரு காலர் ஒழுங்காகத் தைக்கப் பழகவே அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. ஆறு வாரத்தில் முழு விளையாட்டா?

"யாரு செஞ்சு குடுத்தாங்க?"

"யாருமில்ல."

"எங்கயாவது வாங்கினீங்களா? எனக்கே காது குத்தாதீங்க."

"ஒவ்வொரு எழுத்தும் நான் அடிச்சதும்மா!"

ஆணித்தரமாகத்தான் சொன்னான். அதுவே அவள் சந்தேகத்தை இன்னும் கிளறியது. தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் புதுத் தையல்காரர்கள் பளபளவென்று ஒரு மாதிரிச் சட்டையோடு வந்து நிற்பார்கள். அவள் சட்டையைப் புகழவும் மாட்டாள், குறை சொல்லவும் மாட்டாள். "பாக்கெட்டை வலது பக்கம் வச்சு இப்பவே ஒண்ணு தைங்க" என்பாள். தானே தைத்தவர் தைத்துவிடுவார். அடுத்தவர் தைத்ததைக் கொண்டுவந்தவருக்கு அவசரமாக ஏதோ ஒரு வேலை ஞாபகம் வரும்.

"சரி, இன்னொரு பூனை விடுங்க பாப்போம்."

"இவ்வளவுதானே?" என்று உட்கார்ந்தான். அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டாள். இரண்டாவது பூனை வந்தது, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் குதித்தன. எதையோ மாற்றினான், சுவர் காணாமல் போனது. இன்னும் எதையோ மாற்றினான், இருந்த பூனையும் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் அவன் திரையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு கணம் குதூகலமாக இருந்தது. அடுத்த கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். அது பொய் மாட்டிக்கொண்ட முகம் இல்லை.

"வீடியோல சொல்லிக்குடுக்கறவர் அடிக்க அடிக்க நானும் அடிச்சேன். புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு," என்றான். "எது எதுக்குன்னு எனக்கே தெரியலையே."

தனக்கு எல்லாம் தெரியும் என்று இவ்வளவு நாளும் அவன் தன்னைத்தானே நம்பவைத்திருக்கிறான். அது தெரிந்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவம் வந்ததால் சந்தேகம் போய்விடுமா என்ன? ரோஷத்தில் லெட்டரைக் கொடுத்துவிட்டால்? திங்கள் மதியம் அச்சகத்துக்கே போன் போட்டாள்.

"லெட்டரா? அப்படி ஒண்ணும் வரலையேம்மா," என்றார் முதலாளி.

மாலையில், "கிழிச்சுப் போட்டுட்டேன்" என்று அவன் சொன்னபோது புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினாள்.

அப்புறம் ஒரு மாதம் அவன் விளையாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவான். அவள் அறைக்குள் வந்தால் திரையை மூடுவான். மறுபடி என்ன கூத்து என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் மூடுவதற்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

கறுப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். சதுரம் வலது பக்கம் நகர்ந்து, ஓரத்தில் முட்டி நின்றது.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. இடது பக்கம் போக இன்னும் வரல."

"இது யாரைப் பாத்துச் செஞ்சது?"

"யாரையும் பாக்கல," என்றான் கூச்சத்தோடு. "அதான் இப்படி இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து, அவன் சொன்ன ஒன்றை அவள் மறுகேள்வி கேட்காமல் நம்பியது அன்றைக்குத்தான்.