சம்சா மடிக்கவும் ஆகாத தாள்

பிஷ்கெக்கில் ஒரே இருட்டறையில் படம் கழுவிய இரண்டு சிநேகிதிகளில் ஷைர்குல்தான் சுத்தக்காரி. புதுத் தாள், புது மருந்து, வெள்ளை என்றால் பால்வெள்ளை. பெகாயிம் நேர் எதிர். ஓஷ் சந்தையில் துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே கிடந்த சோவியத் காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாள் பெட்டியைத் தூக்கி வந்தாள். காலாவதியாகி நாற்பது வருஷம்.

"சம்சா மடிக்கக்கூட ஆகாதுடி இது," என்று சிரித்தாள் ஷைர்குல்.

படத்துக்கே ஆனது. பழைய தாளில் வெள்ளையே விழாமல் எங்கும் சாம்பல் படிந்தது. அந்தச் சாம்பலில் பெகாயிம் படம்பிடித்த குதிரைகள் மூடுபனிக்குள்ளிருந்து இறங்கி வந்தன. கண்காட்சி நடத்தும் தாலாய்பெக், ஷைர்குலின் படங்களுக்கு "நல்லாருக்கு" என்றார். பெகாயிமின் படத்துக்கு முன்னால் தேநீர் ஆறும்வரை நின்றார். நுழைந்ததும் கண்ணில் படும் முன்சுவர் யாருக்கு என்று வெள்ளிக்கிழமை சொல்வதாகப் போனார்.

ஷைர்குலுக்கு மனசு ஆறவில்லை. பதினெட்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு ஒரு "நல்லாருக்கு", குப்பை பொறுக்கியவளுக்கு முன்சுவரா? மறுநாள் மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து, கறுப்பு உறையைக் கிழித்து, மிச்சத் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டினாள். வெளிச்சம் பட்ட தாளில் இனி படம் விழாது. பிறகு பழையபடி மூடி வைத்தாள். அன்று ஒரு தட்டு லக்மான் நூடுல்ஸ் கூடுதலாகவே இறங்கியது.

வெள்ளிக்கிழமை பெகாயிமின் அழுத முகத்தைப் பார்க்கப் போனாள். ஜன்னலோரம் தாலாய்பெக் குனிந்து நின்றிருந்தார். வெயிலில் வரிசையாகத் தாள்கள், அவற்றின்மேல் குதிரைமசால் தழை, அதன்மேல் கண்ணாடி. தழை மறைத்த இடம் இளஞ்சிவப்பு, மற்றதெல்லாம் ஊதா. கறுப்பு வெள்ளைத் தாளில் நிறம்!

"எந்த முட்டாளோ பெட்டியைத் திறந்துட்டான் அண்ணே," என்றாள் பெகாயிம். "தாளையெல்லாம் அழுதுட்டே ஜன்னலோரமா வீசினேன். குதிரைக்கு வாங்கி வெச்ச தழை மேல கிடந்த இடம் மட்டும் வேற நிறமாயிருச்சு. அப்புறம் எல்லாத்துலயும் வெச்சேன். அந்தக் கைக்கு முத்தம் குடுக்கணும்!"

"முட்டாளா? கலைஞன்மா அவன். ஆள் தெரிஞ்சா முன்சுவர்ல அவன் பேரையும் போட்டுடலாம்."

ஷைர்குலுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் புகழும் யாரோ ஒருவனுக்கா?

"அவனுமில்ல இவனுமில்ல. நான்தான் திறந்தேன்."

"நீயா! இப்படி வரும்னு தெரிஞ்சேவா?" தாலாய்பெக் பேர் எழுதப் பேனாவைத் திறந்தார்.

"தெரியாம செய்வேனா?"

பெகாயிம் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அப்புறம் ஏண்டி எங்கிட்ட சொல்லாம மூடி வெச்சே?"

ஷைர்குல் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைக்கத் தொடங்கினாள். தாலாய்பெக் பேனாவை மெல்ல மூடிக்கொண்டார்.