கட்டிலில் படுத்த நர்ஸ்

டாக்டர் ரோஹானா என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். காலமெல்லாம் மற்றவர்களைப் படுக்க வைத்தவளுக்கு இது வேண்டியதுதான். அன்று எங்கள் ஆஸ்பத்திரியில் முழுநாள் பயிற்சி. நோயாளி ஒன்று சொல்லி, குடும்பம் வேறொன்று சொல்லி, டாக்டர் நடுவில் முழிக்கும்போது எது நியாயம் என்று எப்படிப் பேசித் தெளிவது? கோலாலம்பூரிலிருந்து வந்த ரோஹானா அதை நாடகம் போட்டுக் கற்றுக்கொடுத்தார். காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் கொடுத்திருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை.

எனக்கு விழுந்த வேடம், டயாலிசிஸை நிறுத்திவிட நினைக்கும் ஒரு பெரியவர். ரோஹானாவுக்கு என் வீட்டு விஷயம் தெரியாது. என் கணவர் ஐயாத்துரை மூன்று வருஷமாக டயாலிசிஸில் இருக்கிறார். போன மாதம் ஒருநாள், "போதும் நாயகி" என்றார். நான் காதில் வாங்காதவள்போல் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்க நான் விடவில்லை. வாயைத் திறந்தாலே மாத்திரை, தண்ணீர் அளவு என்று எதையாவது சொல்லி அடைத்துவிடுவேன். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயம்.

வேறு வேடம் கேட்டிருக்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே. படுத்தேன்.

ஆலோசகராக நடித்தவர் புதிதாக வந்திருந்த டாக்டர் ஜெயராஜ். நின்றுகொண்டு பேசக் கூடாது என்று காலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நல்ல பிள்ளையாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்யா நிறுத்தணும்னு நினைக்கிறீங்க? வலிக்குதா?"

"வலி பழகிப்போச்சு தம்பி. ஒரு நாள் மிஷினுக்குப் போகுது. மறுநாள் களைப்புல போகுது. எனக்குன்னு நாளே இல்ல."

"வீட்ல சொன்னீங்களா?"

வேடத்துக்காக எழுதிக் கொடுத்திருந்த அட்டையில் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

"ஒரு வாட்டி சொன்னேன். அவ கேக்காத மாதிரி இருந்துட்டா."

"திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம்லா."

"அவ நர்ஸ் தம்பி. ஊர்ல உள்ளவங்களயெல்லாம் பாக்குறா. சொந்தப் புருஷனக் காப்பாத்த முடியலயேன்னு நொந்துபோயிடுவா. அவளுக்காகத்தான் போய்ப் படுத்துக்குறேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் எனக்காகப் போய்க்கொண்டிருந்தார். வாரம் மூன்று தடவை, ஒரு முணுமுணுப்பில்லாமல், எனக்காக. பிரமாதமாக நடித்தேன் என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயராஜ் மட்டும் தட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

டத்தோ கிராமாட் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது என் கணவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பரீட்சை பாஸா?"

"நடிக்க விட்டாங்க."

"டாக்டராவா?"

"இல்ல. உங்கள மாதிரி ஒருத்தரா."

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்படியா? நான் என்ன சொன்னேன்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். டயாலிசிஸுக்காக இணைத்த ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, ரத்தம் ஓடுகிறதா என்று நான் தினமும் இரண்டு விரலால் தொட்டுப் பார்க்கிற கை. அன்று சும்மா பிடித்துக்கொண்டேன்.

"நீங்களே சொல்லுங்க. கேக்குறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். என் உள்ளங்கைக்கு அடியில் அவர் ரத்தம் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.