மகதலேனா மிஸ்ஸி சொல்லாமல் விட்டது

மலரின் கணவன் இறந்த செய்தி மகதலேனாவுக்கு எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் முதலுதவி வகுப்பு தொடங்க அரை மணி நேரம் இருந்தது. பயிற்சிப் பொம்மைகளின் வாயையும் மூக்கையும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு நடத்தக் கூட உதவும் கேரன் கைப்பேசியோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"ஆன்டி, ஏப்ரல் பேட்ச்ல மலர்னு ஒருத்தவங்க வந்தாங்களே, ஸ்ரீ கெம்பாங்கான் பேக்டரி, ஞாபகம் இருக்கா? அவங்க ஹஸ்பண்ட் தவறிட்டாரு. வீட்லயே. அவங்கதான் நெஞ்ச அமுக்கி சிபிஆர் செஞ்சாங்களாம். அம்புலன்ஸ் வர்ற வரைக்கும்."

மகதலேனா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள்.

ஞாபகம் இல்லாமல் என்ன. ஒல்லியான, குள்ளமான பெண். தொழிற்சாலையில் உற்பத்தி வரிசைக்கு ஒருவரை முதலுதவி கற்க அனுப்பியபோது யாரும் கை தூக்காததால் தானே முன்வந்ததாகச் சொன்னாள். முதலில் பொம்மையின் நெஞ்சு அவள் கைக்கு இறங்கவே இல்லை. முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தை அப்படியே தோள் வழியாக இறக்கு என்று மகதலேனா சொல்லிக் கொடுத்த பிறகு பிடித்துக்கொண்டாள். வியர்வை பொம்மையின் மேல் சொட்டச் சொட்ட, மற்றவர்கள் போதும் என்று எழுந்த பிறகும் செய்துகொண்டிருந்தாள். வீட்டில் தலையணையை வைத்துப் பழகினால் கணவர் கேலி செய்கிறார் என்று சிரித்தாள்.

முப்பத்து நான்கு வருடம் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக, ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, இருந்தவள் மகதலேனா. அதில் பாதி அவசரப் பிரிவில். ஓய்வு பெற்ற மறு வருடமே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு இந்த வகுப்பைத் தொடங்கிவிட்டாள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாறி மாறி நடக்கும். ஆறு வருடத்தில் எழுநூறு பேருக்கு மேல் வந்துபோயிருந்தார்கள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், தொண்டையில் இறைச்சித் துண்டு சிக்கிய ஆசிரியையைக் காப்பாற்றியிருந்தாள். அந்தக் கதையை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார்கள். தன் வீட்டு மனிதரின் நெஞ்சிலேயே கை வைக்க நேர்ந்தவள் என்று மலருக்கு முன்னால் யாரும் இல்லை.

மறுநாள் மத்தியானம் கொமுட்டர் ரயில் பிடித்துச் சாலாக் செலாத்தானுக்குப் போனாள். அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடி. கதவுக்கு வெளியே செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே விஜயனின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். லோரி ஓட்டியவர், நாற்பத்து நான்கு வயது, படத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். மலர் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

விஜயனின் அக்கா வீரம்மாதான் மகதலேனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் அந்த மிஸ்ஸியா? ஆஸ்பத்திரியில டாக்டரே சொன்னாரு, வீட்ல ஒழுங்கா செஞ்சிருக்காங்கன்னு. எங்க தம்பிக்குக் கொடுப்பின இல்ல. இவ ஒரு கொறையும் வைக்கல, மிஸ்ஸி." மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, கற்பூரம் தீர்ந்துவிட்டதென்று கீழே கடைக்கு இறங்கினாள்.

அவள் காலடிச் சத்தம் படியில் மறையும் வரை மலர் காத்திருந்தாள்.

"மிஸ்ஸி, அக்காவுக்குத் தெரியாது. நான் நடுவுல நிறுத்திட்டேன்."

மகதலேனா அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"வேல முடிஞ்சு ஆறரைக்கு வந்தாரு. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, கேஸ்தான்னாரு. இங்கதான், இதோ, இந்த எடத்துலதான் படுத்தாரு. நான் மீன் பொரிச்சிக்கிட்டு இருந்தேன். சாப்பாடு போடட்டான்னு கேட்டேன், பதில் இல்ல. வந்து பாத்தா..." அவள் தரையைத் தடவினாள். "நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே செஞ்சேன். தோள தட்டினேன், மூச்சு பாத்தேன், அவசரத்துக்கு 999 அடிச்சு ஸ்பீக்கர்ல போட்டேன். அமுக்க ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரம்தான் இருக்கும். எங்கைக்குக் கீழ ஒரு சத்தம், மிஸ்ஸி. காஞ்ச குச்சி ஒடிஞ்ச மாதிரி. அப்படியே நெஞ்சு உள்ள எறங்கிருச்சு."

"ம்."

"கைய எடுத்துட்டேன். புருசன நானே ஒடச்சிட்டேன்னு நெனச்சேன். போன்ல அந்த மலாய்க்காரப் பொண்ணு, நிறுத்தாதீங்க அக்கா, செய்ங்க, செய்ங்கன்னு கத்துறா. எனக்குக் கேக்குது. ஆனா கை போக மாட்டேங்குது. எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. ரெண்டு நிமிசமோ, மூணு நிமிசமோ. அப்புறம்தான் திரும்பச் செஞ்சேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் தப்பா செஞ்சிட்டேனா?"

"இல்லம்மா. சரியாத்தான் செஞ்சிருக்க. சரியான ஆழத்துக்கு அமுக்கினா எலும்பு ஒடையும். எல்லாருக்கும் இல்ல, ஆனா நெறையப் பேருக்கு ஒடையும். நான் செஞ்சும் ஒடஞ்சிருக்கு. ஒடஞ்சாலும் நிறுத்தக் கூடாது."

மலர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா, மிஸ்ஸி?"

"தெரியும்."

"அப்போ ஏன் க்ளாஸ்ல சொல்லல?"

மூன்று வருடத்துக்கு முன்பு வரை மகதலேனா அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு முறை கிள்ளானில், எலும்பு உடையலாம் என்று சொன்னதும் வகுப்பில் இருந்த பெண்களின் முகமெல்லாம் வெளிறிப்போனது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. மண்டபத் தலைவர் இராமலிங்கம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பயமுறுத்தாதீங்க மிஸ்ஸி, அப்புறம் யாரும் வர மாட்டாங்க," என்றார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. முதலில் கை வைக்கப் பழகட்டும், மற்றது பிறகு என்று நினைத்தாள். பிறகு என்பது வரவே இல்லை.

"பயந்துருவீங்கன்னுதான் சொல்லல," என்றாள்.

"பயந்துதானே போனேன்," என்றாள் மலர்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மகதலேனாவுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

"நிறுத்தாம இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாரா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மகதலேனாவுக்குத் தெரியும். அவசரப் பிரிவின் வாசலில் எத்தனையோ மனைவிகளிடமும் மகன்களிடமும் சொல்லியிருக்கிறாள். எதுவும் செய்திருக்க முடியாதும்மா, அவருக்கு வலி தெரியலைம்மா. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இவளிடம் ஏற்கெனவே ஒன்றை மறைத்தாயிற்று.

"எனக்குத் தெரியாது, மலர். ஆஸ்பத்திரியில எல்லா மெசினும் வச்சுக்கிட்டு நாங்க செஞ்சும் பாதிப் பேருக்கு மேல உயிர் திரும்பல. அவரும் திரும்பாம போயிருக்கலாம். திரும்பியும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்தச் சத்தத்தப் பத்தி நான் சொல்லியிருக்கணும். அது என் தப்பு. உன் தப்பு இல்ல."

மலர் தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை. பிறகு, "நீங்க போய்ட்டு வாங்க, மிஸ்ஸி," என்றாள். மைலோ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

மகதலேனா நடந்ததைச் சொன்னபோது கேரனுக்கு அது பிடிக்கவில்லை. "ஒன்னும் செஞ்சிருக்க முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்லா ஆன்டி. அவங்க நிம்மதியா இருந்திருப்பாங்க. உங்க மனசு லேசாகணும்னு அவங்க தலையில எறக்கி வச்சிட்டீங்க."

அப்படியும் இருக்கலாம் என்று மகதலேனாவுக்குத் தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், பெயர் எதுவும் சொல்லாமல், எலும்பு உடைவதைப் பற்றி நின்று நிதானமாகச் சொன்னாள். கையில் எப்படித் தெரியும், காதில் எப்படிக் கேட்கும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். நான்கு பேர் இடைவேளையோடு போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மலருக்கு இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. முப்பதாம் நாள் காரியம் முடிந்தது. தொழிற்சாலையில் முதலுதவியாளர் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி மலர் எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேரன் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு மாலையில் மலரே அழைத்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"மிஸ்ஸி, நம்ம 999 அடிச்சா பேசுறத ரெக்கார்ட் பண்ணி வைப்பாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?"

"ஆமா."

"அப்போ நான் எவ்வளவு நேரம் நிறுத்தினேன்னு அதுல இருக்கும்தானே?"

மகதலேனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இருக்கும். ஆனா எதுக்கும்மா அது? மூணு நிமிசம்னு வந்தா என்ன செய்வ?"

"இப்பயும் மூணு நிமிசம்தான் மிஸ்ஸி. தெனமும் மூணு நிமிசம்தான். சில நாளு அஞ்சு நிமிசம் ஆயிருது."

அதற்கு மேல் மகதலேனா தடுக்கவில்லை. குடும்பத்தார் எழுத்து மூலம் கேட்கலாம் என்று பழைய சகாக்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். மனுவை அவளே மலாயில் எழுதினாள், மலர் கையெழுத்துப் போட்டாள். இறப்புச் சான்றிதழின் நகலை வைத்து அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்துப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்த 999 அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பதிவைக் கையில் கொடுக்க மாட்டார்கள், வந்தால் அதிகாரி விவரம் சொல்வார்.

இருவரும் சேர்ந்தே போனார்கள். மலர் இளைத்திருந்தாள். எல்ஆர்டி ரயிலில் மனுவின் நகலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அலுவலகத்தில் தலைத்துண்டு அணிந்த நடுத்தர வயது அதிகாரி ஒருத்தி அவர்களை உட்கார வைத்து, குரலைக் கேட்க வேண்டுமா என்று கேட்டாள். மலர் வேண்டாம் என்று தலையசைத்தாள். அதிகாரி காதில் கருவியை மாட்டிக்கொண்டு தான் மட்டும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் உதடு இறுகியது. ஒரு தாளில் குறித்தாள். பின்னால் நகர்த்தி மறுபடி கேட்டாள். பிறகு கருவியைக் கழற்றிவிட்டு மலாயில் சொன்னாள்.

நிறுத்தியது இருபத்தொன்பது விநாடி. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வரும் வரை இருபத்திரண்டு நிமிடம், ஒரு முறைகூட நிற்கவில்லை.

"இருபத்தொன்பதா?" மலர் மகதலேனாவைப் பார்த்தாள். "நிமிசம் இல்லையே?"

"விநாடிம்மா. அரை நிமிசம்கூட இல்ல."

அதிகாரி மேசைக்கு மேல் கையை நீட்டி மலரின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வேலையில் இருப்பவர்கள் யாரும் தனியாக இருபத்திரண்டு நிமிடம் செய்ய மாட்டார்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்வார்கள் என்றாள். மலர் அழவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெளியே வெயில் தகித்தது. பேருந்து நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே நின்றார்கள். மலர் கைக்கடிகாரத்தைத் திருப்பி விநாடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகதலேனாவும் பார்த்தாள். சாலையில் லோரிகள் போயின, பள்ளி வேன் ஒன்று நின்று புறப்பட்டது, எதிர்க்கடையில் ஒருவன் கதவை ஏற்றித் திறந்தான். முள் இன்னும் இருபத்தொன்பதை எட்டவில்லை.

"நீளமாத்தான் இருக்கு, மிஸ்ஸி," என்றாள் மலர்.

மகதலேனா இல்லை என்று சொல்லவில்லை. "ஆமாம்மா," என்றாள்.

அப்போதுதான் மலருக்கு அழுகை வந்தது. நின்றபடியே, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேருந்து வந்து கதவைத் திறந்தது. ஓட்டுநரைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, மகதலேனா அவள் முதுகில் கை வைத்தபடி நின்றாள். அடுத்த பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.